எழுதிக் கொடுப்பதா, எழுதப் பழக்குவதா?

தலைநகரிலும் பிற பெருநகரங்களிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், கல்லூரி வாயிலை மிதிக்காமலே கல்லூரிப் படிப்புப் படிப்போர் பலர் இன்று உள்ளனர். பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கெழுதிவிட்டு இரவில் பட்டப் படிப்புக்குப் பாடங் கேட்கும் இளைஞர். மணமாகி வடநாடு வந்து, பிள்ளைகள் பள்ளி செல்லத் தொடங்கியபின் விட்ட படிப்பை மீண்டும் கையிலெடுத்த அம்மையார். தந்தையின் பணி மாற்றத்தால் மூன்று மாநிலங்களில் மூன்று பள்ளிகளைக் கண்டு, கல்லூரியையாவது நடுவில் மாற்றாதிருப்போம் என்று இணையவழிப் படிப்பிற் சேர்ந்த மாணவி. இவர்களையெல்லாம் சங்க அன்பர்கள் தத்தம் தெருவிலேயே காணலாம். இவர்களுக்கு ஆசிரியர் இல்லாமல் இல்லை. அவர் திரையில் வருகின்றார். நூல் இல்லாமல் இல்லை. அது கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றது. இல்லாதது ஒன்றே ஒன்று. எழுதிய தாளை வாங்கிப் பார்த்து, "இவ்விடத்தில் நீ சொல்ல வந்தது என்ன?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

அந்த ஆளின் இடத்தை இப்பொழுது யார் யாரோ பிடித்துக்கொள்கின்றனர். அதனால் விளைவது என்ன, நாம் செய்யக்கூடியது என்ன என்பதைப் பற்றியே இங்கே எழுதப் புகுந்தேன்.

அஞ்சல்வழிக் கல்வி தோன்றிய கதை இதனை நன்கு விளக்கும். 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாடெங்கும் ஒரு பென்னிச் செலவில் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதனைப் பயன்படுத்திக்கொண்டு ஐசக் பிட்மன் என்பார் தாம் அமைத்த சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பிக்கலானார். மாணாக்கர் விவிலியத்திலிருந்து சில பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவர். பிழைகள் திருத்தப்பெற்று அவை திரும்பி வரும். அச்சிட்ட பாடத்தை வாங்கித் தனியே படிப்பது அதற்கு முன்னரும் உண்டு. மாணாக்கன் எழுதியதை வரவழைத்துத் திருத்தியதுதான் பிட்மனின் முறைக்கு உயிர்நாடி. நம் தந்தையரும் பாட்டன்மாரும் இந்தப் பிட்மனின் கோடுகளையும் தட்டச்சுப் பொறியையும் நம்பியே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி வடக்கே வந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், அம்மனிதருக்கு நம் சமூகம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று!

பின்னர் 1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம், எங்கிருந்து படித்தவரும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. நம் நாட்டில் 1962-ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பட்டப் படிப்பைத் தொடங்கி வழிகாட்டியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அவ்வழியிற் சென்றது. 1982-இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1985-இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றி, தில்லி மைதான் கடியில் நிலைபெற்றது. 'இக்னோ' என்று நாம் சுருங்க வழங்குவது அதுவே. 2017-இல் மத்திய அரசின் 'சுவயம்' என்னும் இணையத் தளமும், 2020-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பட்டப் படிப்பும் வந்தன. அதே 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகள், வெளியூர்வாசிகளாகிய நமக்கு ஒரு நன்மை செய்தன. தொலைநிலைப் படிப்பை நடத்தும் மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லையைக் கடந்து செல்ல இயலாது. ஆனால் முழுதும் இணையவழியே நடக்கும் படிப்புக்கு அத்தகைய நில எல்லை இல்லை. மயூர் விகாரில் இருந்துகொண்டே, அனுமதி பெற்ற தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிப் படிப்பிற் சேர வழி பிறந்துள்ளது. சேருமுன் அப்படிப்புக்கு மானியக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணங் கட்டுதல் ஆகாது.

ஆகவே கதவுகள் பல திறந்துள்ளன. உள்ளே நுழைந்தவர் எங்கே இடறி விழுகின்றார் என்பதுதான் நாம் பார்க்கவேண்டியது. பெரும்பாலோர் தேர்வில் விழுவதில்லை என்பது என் கருத்து. தேர்வுக்கு முன்னரே, 'அசைன்மெண்ட்' எனப்படும் ஒப்படைப்புக் கட்டுரையில் விழுந்துவிடுகின்றனர்.

ஒப்படைப்பு என்னும் மலை

இக்னோவின் இளங்கலைப் படிப்பை எடுத்துக்கொள்வோம். பாடங்கள் பலவற்றில் ஒப்படைப்புக்கு நூற்றுக்கு 30 பங்கும், பருவ முடிவில் நடக்கும் தேர்வுக்கு 70 பங்கும் மதிப்பு. இரண்டிலும் தனித்தனியே தேறவேண்டும். ஒப்படைப்பின் வினாத்தாள் மூன்று பகுதியாக அமைந்திருக்கும்: ஏறத்தாழ 500 சொற்களில் எழுதவேண்டிய நெடுவினாக்கள் சில, 250 சொல்லுக்குரியவை சில, 100 சொல்லுக்குரிய சிறு வினாக்கள் சில. பல பாடங்களில் மாணாக்கர் தம் கையாலேயே எழுதித் தரவேண்டும் என்பதும் விதி. பல்கலைக்கழகம் அனுப்பும் பாடநூல்களில் ஒவ்வோர் அலகின் இடையிலும் 'உன் முன்னேற்றத்தைச் சோதித்துப் பார்' என்ற சிறு பயிற்சிகளும், இறுதியில் அவற்றுக்குரிய விடைக் குறிப்புகளும் உண்டு. இவை தனித்துப் படிப்பவனுக்கு ஆசிரியனாக நிற்கவேண்டும் என்று எண்ணி அமைக்கப்பட்டவை. ஆயினும் நான் கண்டவரை, பத்து மாணாக்கரில் ஒருவர்கூட அப்பயிற்சிகளைச் செய்து பார்ப்பதில்லை. நேரே ஒப்படைப்பின் வினாவைத் திறப்பர், திகைப்பர், மூடி வைப்பர். அதற்குள் கடைசி நாள் வந்துவிடும்.

அந்தக் கடைசி நாளுக்காகவே ஒரு வாணிகம் காத்திருக்கின்றது. எழுதி முடித்த விடைகளைப் பாடவாரியாக அச்சிட்டு விற்போர் உளர். கைப்பேசிக்கே அனுப்புவோர் உளர். இன்னும் சிறிது பணம் மிகுதியாகக் கொடுத்தால் கையாலேயே எழுதித் தருவோரும் உளர். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. நியூசிலாந்து 2011-லும், ஆஸ்திரேலியா 2020-லும், இங்கிலாந்து 2022-லும் பிறருக்காகக் கட்டுரை எழுதி விற்பதைக் குற்றமாக்கிச் சட்டஞ் செய்யவேண்டிய அளவுக்கு அங்கெல்லாம் அது பரவியிருந்தது.

வாங்குபவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசிவிடுவது எளிது. நான் அவ்வாறு நினைக்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பாத்திரம் துலக்கி முடித்து, மறுநாள் காலைக்கு மாவரைத்து வைத்து, பிள்ளையின் பள்ளிச் சீருடையைத் தேய்த்தபின் நூலைத் திறக்கும் ஓர் அம்மையாருக்கு 500 சொற்கள் என்பது மலை. அவர் கடைசியாக ஒரு முழுப்பக்கம் எழுதியது பன்னிரண்டாம் வகுப்பில். இடையிற் பத்தாண்டுகள் போயின. 'நான் எழுதினால் நகைப்பார்கள்' என்ற அச்சமே அவரைக் கடைக்கு அனுப்புகின்றது. ஒருமுறை படிப்பை விட்டவர், இம்முறையும் விட்டுவிட்டால் பிறகு எந்நாளும் தொடமாட்டார் என்பது அவருக்கே தெரியும். ஆகையால் எப்படியாவது தாளை ஒப்படைத்துவிட வேண்டும் என்று துடிக்கின்றார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். வாங்கிய விடை அவருக்கு 30 பங்கைப் பெற்றுத் தரலாம். மீதமுள்ள 70 பங்குக்கு அவர் தேர்வுக்கூடத்தில் தனியே அமரவேண்டும். அங்கே கடைக்காரர் வரமாட்டார். ஒப்படைப்பின் நெடுவினா, தேர்வின் நெடுவினாவுக்கு ஒத்திகை. ஒத்திகையைப் பிறர் நடித்துவிட்டால் மேடையில் என்ன செய்வது? 'சுவயம்' தளத்தில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் பாடங்களிலும் இதே நிலைதான். அங்கே வாரந்தோறும் செய்யும் ஒப்படைப்புகளுக்கு 25 பங்கு, நேரில் வந்து எழுதும் தேர்வுக்கு 75 பங்கு. சான்றிதழ் பெற முன்னதில் 10-உம் பின்னதில் 30-உம் குறையாமல் வாங்கவேண்டும். நண்பருடைய விடைகளைப் பார்த்து 25-க்கு 25 வாங்கியவர், தேர்வில் 30-ஐத் தொடாமல் திரும்பிய கதைகள் நம் வீடுகளிலேயே உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

அவ்வாறாயின் உதவியே கூடாதா? கூடும், வேண்டும். எவ்வகை உதவி என்பதே கேள்வி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுத்துப் பயிற்சி நிலையங்கள் நெடுங்காலமாக நடக்கின்றன. ஸ்டீபன் நார்த் என்னும் பேராசிரியர் 1984-இல் அவற்றைப் பற்றி எழுதிய கட்டுரை பெயர் பெற்றது. மாணவன் கொண்டுவந்த தாளைச் செம்மைப்படுத்தி அனுப்புவது அந்நிலையத்தின் வேலையன்று, எழுதுகின்ற மாணவனைச் செம்மைப்படுத்துவதே வேலை என்பது அவர் கருத்து. கேட்பதற்கு எளிதாக இருக்கின்றது. செய்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி இங்கு வந்த ஓர் அம்மையார், அரசியல் இயல் பாடத்தின் ஒப்படைப்பை எழுதிக்கொண்டு நம் சங்க நூலகத்துக்கு வந்திருந்தார். வினா: அரசியலமைப்பிலுள்ள அடிப்படை உரிமைகளையும் அரசு வழிகாட்டு நெறிகளையும் ஒப்பிடுக. நான்கு பக்கம் எழுதியிருந்தார். முதல் மூன்று பக்கங்களில் அடிப்படை உரிமைகள் ஒவ்வொன்றும் வரிசையாக நின்றன. கடைசிப் பக்கத்தில் வழிகாட்டு நெறிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சொற்கள் பெரும்பாலும் பாடநூலின் சொற்கள். ஆங்கிலம் பிழையின்றி இருந்தது. இருக்கத்தானே செய்யும், அவருடைய ஆங்கிலம் அன்றே!

பேனாவை எடுத்துத் திருத்தினால் கால்மணி நேரத்தில் நல்ல விடையாக்கியிருக்கலாம். தாளை மூடி வைத்துவிட்டு, "அம்மா, தாளைப் பார்க்காமல் ஒன்று சொல்லுங்கள். இவ்விரண்டில் எதைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்?" என்று தமிழிலேயே கேட்டேன்.

"உரிமை பறிபோனால் போகலாம் மாமா, முப்பத்திரண்டாம் விதி இருக்கிறதே. வழிகாட்டு நெறிக்குப் போகமுடியாது. ஆனால் அரசாங்கம் அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சட்டம் செய்யவேண்டும்" என்றார், ஒரு மூச்சில்.

"இப்பொழுது சொன்னீர்களே, இது உங்கள் தாளில் எங்கே இருக்கின்றது?"

தேடினார். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு பாதி வாக்கியமாக அது ஒளிந்துகொண்டிருந்தது. வினா கேட்டது அதைத்தான். ஒப்பிடு என்றால், இரண்டையும் தனித்தனியே வருணித்துவிட்டுப் படிப்பவரே ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதன்று. அந்த வாக்கியத்தை முதல் வரியாக எழுதச் சொன்னேன். எழுதினார், ஆங்கிலத்தில் இரண்டு பிழை இருந்தது, அதனாலென்ன?

"சரி, இரண்டும் மோதிக்கொண்டதுண்டா?" என்று அடுத்துக் கேட்டேன். அவருக்கு நினைவு வரவில்லை. பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலைநிமிர்ந்து, "கம்யூனல் ஜி.ஓ. வழக்கைச் சொல்லுங்கள்" என்றார். அம்மையாருக்கு வியப்பு. சென்னை மாநிலத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட ஆணையை எதிர்த்துச் சம்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில், 1951-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றும், வழிகாட்டு நெறியானது அடிப்படை உரிமைக்கு அடங்கியே நடக்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15-ஆம் விதியில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இவை அவருடைய பாடநூலில் ஒரு வரியாக இருந்தன. தாம் பிறந்த மாநிலத்தின் கதை என்று அவர் கவனிக்கவில்லை. அதன்பின் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி என்பது முதலில் 45-ஆம் விதியில் வழிகாட்டு நெறியாக இருந்து, 2002-ஆம் ஆண்டின் 86-ஆம் திருத்தத்தால் 21-அ என்னும் அடிப்படை உரிமையாக மாறிற்று அல்லவா? "அப்படியானால் நெறியே உரிமையாகவும் வளரும் போலிருக்கிறதே!" என்றார். இந்த வாக்கியம் எந்தக் கடையிலும் விற்பனைக்குக் கிடையாது.

நான்கு பக்கம் இரண்டரைப் பக்கமாகக் குறைந்தது. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் பேனாவைத் தொட்டது, கடைசியில் வினைச்சொற்கள் சிலவற்றின் அடியில் கோடிடுவதற்கு மட்டுமே. பிழையைச் சுட்டினேன், திருத்தியவர் அவர்.

இதில் மூன்று மொழிகளின் சிக்கலையும் கவனிக்கவேண்டும். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகின்றது, தெருவில் இந்தியோ மராத்தியோ பேசுகின்றது, நூலை ஆங்கிலத்திற் படிக்கின்றது. எந்த மொழியிலும் தொடர்ந்து ஒரு பக்கம் எழுதிப் பழகாத நிலையும் ஏற்பட்டுவிடுகின்றது. இதற்குச் சிலர், 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்' என்று மருந்து சொல்கின்றனர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தெளிவு எந்த மொழியில் முதலில் வருகின்றதோ அந்த மொழியில் வரட்டும். தமிழில் வாயாற் சொல்லிப் பார்த்து, அதையே குறிப்பாக எழுதிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்திற் கட்டுரையாக்குவதில் இழிவொன்றும் இல்லை. ஆங்கிலவழிப் படிப்பாயினும் தேர்வை வட்டார மொழியில் எழுத மாணாக்கருக்கு இடந் தரலாம் என்று 2023-இல் மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. எல்லா இடத்திலும் அது நடைமுறைக்கு வரவேண்டும் என்று நாம் காத்திராமல், சிந்தனையளவிலாவது தாய்மொழியை இன்றே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பொறி எழுதும் கட்டுரை

இப்பொழுது பணங் கொடுத்து வாங்கும் வாணிகத்தையும் நசுக்கிவிடக்கூடிய ஒன்று வந்துள்ளது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது முதல், வினாவைத் தட்டச்சு செய்தால் கட்டுரையைக் கொட்டிவிடும் செயற்கை அறிவுப் பொறிகள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. மாணாக்கர் பலர் அதனைப் பார்த்துத் தம் கையால் படியெடுத்து ஒப்படைக்கின்றனர். கையெழுத்து அவருடையது, கருத்து எவருடையதும் அன்று.

அப்பொறியை அறவே தொடாதே என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாற் கேட்பாரும் இல்லை. புரியாத பகுதியை எளிமையாக விளக்கச் சொல்லலாம். படித்து முடித்தபின் 'என்னைப் பத்து வினாக் கேள்' என்று பணிக்கலாம். தாம் எழுதியதைக் கொடுத்து 'எந்த இடம் தெளிவில்லை?' என்று கேட்கலாம். நள்ளிரவில் விழித்திருக்கும் ஆசிரியர் வேறு யாரும் இல்லாதபோது அது பெரிய துணையே. ஆனால் முதல் வரைவை அதனிடம் விடுவது தகாது. காரணம் இரண்டு. ஒன்று, முன்னே சொன்ன ஒத்திகைக் கணக்கு. மற்றொன்று, அது இல்லாத நூலை இருப்பதுபோலவும், நடவாத வழக்கை நடந்ததுபோலவும் கூசாமல் எழுதும். 2023-ஆம் ஆண்டு நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர், அப்பொறி கற்பித்துக் கொடுத்த பொய்யான தீர்ப்புகளை மேற்கோளாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டு, 5,000 டாலர் தண்டம் கட்ட நேர்ந்தது. சட்டம் பயின்றவர்களையே ஏய்த்த பொறி, முதலாண்டு மாணவியை ஏய்ப்பது கடினமா? பொறி சொல்லும் ஆண்டையும் பெயரையும் பாடநூலில் கண்டபின்னரே தாளில் ஏற்றவேண்டும்.

மேற்கோள் பற்றியும் ஒரு சொல். பிறர் சொற்களை எடுத்தாள்வது குற்றமன்று. எடுத்ததை மறைப்பதே குற்றம். மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் ஒப்புமை நூற்றுக்கு 10-க்கு மேற்போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40-ஐக் கடந்தால் ஓராண்டு காத்திருக்கவேண்டும். 60-ஐக் கடந்தால் பதிவே நீக்கப்படும். இவ்விதிகள் ஆய்வேடுகளுக்கு உரியனவேயன்றி இளங்கலை ஒப்படைப்புகளுக்கு அல்ல. ஆயினும் இன்று ஒப்படைப்பைப் படியெடுத்தே பழகியவர், நாளை முதுகலையும் ஆய்வும் செய்யப் போகுமிடத்தில் இவ்விதிகளின் முன் நிற்பார்.

வீடும் சங்கமும்

குடும்பத்தார் செய்யக்கூடியது, பெரும்பாலும் எதுவும் செய்யாமலிருப்பதுதான். இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே படிக்கும் மருமகளை, வீட்டில் சும்மா இருப்பவராக எண்ணுவது நம் இல்லங்களில் இயல்பாகிவிட்டது. கல்லூரிக்குப் போகின்ற மகளிடம் வகுப்பு நேரத்தில் கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்வோமா? திரையின் முன் அமர்ந்திருப்பவரிடம் தயக்கமின்றிச் சொல்கின்றோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், கதவு சாத்திய ஓர் அறை, அல்லது அறையில்லாத வீட்டில் ஒரு மூலையும் தொலைக்காட்சியின் மௌனமும். இவ்வளவு கொடுத்தால் போதும். கணவன்மார்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். பாடம் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை, தெரியாதிருப்பதே நன்று. தெரியாதவனுக்கு விளங்கினால் அது நல்ல விடை.

சங்கத்திலோ வேறொரு செல்வம் இருக்கின்றது. மத்திய அரசின் அலுவலகங்களில் முப்பதாண்டு, முப்பத்தைந்தாண்டு கோப்புகளில் குறிப்பெழுதியும் வரைவு தயாரித்தும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு பொருளைப் பற்றி முன்னே நடந்தது என்ன, இப்பொழுது எழும் கேள்வி என்ன, விதி என்ன சொல்கின்றது, செய்யத்தக்கது யாது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. நல்ல ஒப்படைப்புக்கு வேண்டியதும் அவ்வித்தையே. அவர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நூலகத்தில் வந்தமர்ந்தால் பெரும் பயன் விளையும். ஒரே ஒரு நிபந்தனை. கீழ்நிலை எழுத்தர் கொண்டுவந்த வரைவைச் சிவப்பு மையால் முழுதும் அடித்து, தாமே புதிதாக எழுதிவிடும் பழைய வழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலிருப்பது அவர்களுக்குக் கடினமாக இருக்கும் என்பதை அறிவேன். அவர்கள் எழுதிக் கொடுத்தால், கடைக்காரனுக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு விலை ஒன்றுதான்.

இளையோரும் இதிற் பங்கு பெறலாம். இணையத்தில் பதிவேற்றுவதும், கடைசி நாட்களைக் குறித்து நினைவூட்டுவதும், ஒப்படைத்ததற்குரிய ஒப்புகையைப் பாதுகாத்து வைப்பதும் பெரியவர்களைவிட அவர்களுக்கு எளிது. ஒப்படைப்பின் படி ஒன்றை வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டு, மதிப்பெண் ஏறாதபோது எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஒரு பருவத்தை இழந்தோர் உண்டு. ஒரே பாடத்தை எடுத்த இருவர் மூவர் வாரத்துக்கு ஒருமுறை கூடிப் பேசிக்கொள்வதும் நன்று; பேசுவது ஒன்றாகவும், எழுதுவது தனித்தனியாகவும் இருக்கட்டும்.

நூலகத்துக்கு வரும் அன்பர்கள் மூன்றைக் கொண்டுவருக: ஒப்படைப்பின் வினாத்தாள், அவ்வினாவுக்குரிய பாடநூல், தம் கையால் எழுதிய ஒரு பக்கம். அப்பக்கம் எவ்வளவு பிழைபட்டிருந்தாலும் தாழ்வில்லை. எழுதவே வரவில்லை என்று வெறுந்தாளோடு வருபவரையும் திருப்பியனுப்பமாட்டோம். அவர் முதலில் கால்மணி நேரம் எங்களோடு பேசவேண்டியிருக்கும், தமிழிற் பேசலாம்.